ஸ்டெல்லா அக்காவுக்குக் கட்டாத காப்பு

தலவாக்கலையில் ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்காவின் அலுவலகத்தில் வேலை செய்யும் சாந்தி, அக்கா போய்விட்டார் என்று போனில் அழுதாள். நான் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த பேக்கரிப் பால் பணிஸ் மடியில் இருந்தது. எதிலும் பொறுமை கிடையாது என்று அவரை எத்தனையோ முறை முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். இதிலுமா அக்கா என்று அன்றைக்கும் திட்டத்தான் வாய் வந்தது. பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். டிக்கோயாவில் பிறந்தவர், தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள். தோட்டத்துப் பெண்களுக்காக ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்தினார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் வேண்டும் என்று தோட்டத் தொரைமார் பங்களாவிலிருந்து நுவரெலியா அரசாங்கக் கச்சேரி வரை ஏறி இறங்கினார். அவர் குரல் உயர்ந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நானும் இழுத்திருக்கிறேன்.

சமூக மாற்றத்துக்காக வேலை செய்கிறவர்களோடு உரையாடி ஒரு சிறு பத்திரிகையில் எழுதுவது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் மரியாதையாகப் பேசி, திட்டங்களைப் பற்றிச் சொல்லி, போட்டோவுக்கு நிற்பார்கள். அக்கா முதல் நாளே என்னை விசாரித்தார். “என்னத்த எழுதுவீங்க தங்கச்சி? பாவப்பட்ட சனம்னா?” நான் முழித்தேன். “உரிமை கெடைக்காத சனம்னு எழுதுங்க. பாவம்னு எழுதினா அடுத்த தடவ தேத்தண்ணி கெடையாது.” அந்த மிரட்டலுக்குப் பிறகு நான் அந்தச் சொல்லைத் தொட்டதில்லை.

நான் சொல்ல வந்தது ஓர் ஆடி மாதத்து நாளைப் பற்றி. அவரோடு உரையாடுவதற்காக ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போயிருந்தேன். விடாத மழை. லயத்துக்கு மேலே மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. பார்க்க வந்த அரசாங்க அதிகாரி, இருட்டுவதற்குள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவின் ஆட்கள் லொறி கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து அடுப்பும் மூட்டியாகிவிட்டது. ஆனால் லொறியில் ஒருவரும் ஏறவில்லை.

முந்தின நாள்தான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. அவர்களுக்கு ஆறுதான் எல்லை. வீட்டுக்கு ஒருவர் கையிலாவது காப்பு இருந்தது. அவர்கள் நகராமல் மற்றவர்களும் நகர மாட்டார்கள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “பாய யோசிச்சோம், அரிசிய யோசிச்சோம், கக்கூசக்கூட யோசிச்சோம். இந்தக் கயித்த யோசிக்காமப் போயிட்டமே!”

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பொலிஸைக் கூப்பிட்டுத் தூக்கி ஏற்றப்போவதாகச் சிங்களத்தில் கத்தினார். பொலிஸ் வந்தால் வெளியில் நிற்கிறவர்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள், கொஞ்சம் பொறுங்கள் மகத்தயா என்று அக்காவும் சிங்களத்திலேயே கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கோயில் படியில் பூசாரி கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அக்கா எவ்வளவோ பேசிப் பார்த்தார். பூசாரி முடியாது என்று தலையாட்டினார். “நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவுங்கம்மா. ஒங்களுக்கு இது வெளங்காது. ஆத்தா பாத்துக்குவா.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேலே ஒரு கல் பெயர்ந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெண் கைப்பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அப்படியும் அவள் லொறிப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை.

அக்கா நனைந்த படியில் பூசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

“அப்ப எனக்கும் கட்டுங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“கட்டுங்கண்ணே. ஆத்தா ஒங்களப் பாத்துக்குவான்னா என்னையும் பாத்துக்குவா. கட்டினப்பறம் நானும் எல்லை தாண்ட மாட்டேன். இந்த லயத்துலயே படுத்துக்கறேன்.”

பூசாரி எழுந்து உள்ளே போய் மஞ்சள் கயிற்றோடு வந்தார். எனக்கு, அக்கா வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் கயிற்றை அக்காவின் மணிக்கட்டில் சுற்றினார். முடிச்சுப் போடப் போன கை அப்படியே நின்றது. மண்மேட்டைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“ஒங்களுக்குப் புள்ள குட்டி இருக்காம்மா?”

“ஒரு மக இருக்கா. கட்டுங்க.”

பூசாரி கயிற்றை உருவி எடுத்தார். விறுவிறுவென்று உள்ளே போய், முந்தின மாலை ஆத்தாவை இறக்கிப் பாலித்து வைத்திருந்த கரகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். “ஆத்தாவே அக்கரைக்கு வர்றா! காப்புக் கட்டுனவுங்கல்லாம் அவ பின்னால வாங்க!”

லயம் முழுவதும் இறங்கியது. நனைந்த தப்பு மேளத்தில் சத்தமே எழவில்லை, ஆனாலும் அடித்துக்கொண்டுதான் போனார்கள். அக்கா கடைசி ஆளாகப் பாலத்தைக் கடந்தார்.

மறுநாள் காலையில் மண்மேடு சரிந்து, கோயிலையும் லயத்தின் ஓரத்து வீட்டுக் காம்பராக்களையும் மூடிவிட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. ஆத்தா நம் ஆபத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டாள் என்று சிலர் கும்பிட்டார்கள். அவளை இடம்பெயர்த்ததால்தான் கோயிலே போயிற்று என்று வேறு சிலர் பூசாரியை ஏசினார்கள். அடுத்த திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

அக்காவைப் பாராட்ட நான் போனபோது அவர் பிடி கொடுக்கவில்லை. “உசிரு தப்பிருச்சுன்னு எழுதி முடிச்சிராதீங்க. வீடு எங்கன்னு கேட்டு எழுதுங்க” என்றார். அந்தக் குடும்பங்கள் இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கின்றன. நோயில் விழும்வரை அவர் அதற்காகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இன்னொரு உரையாடலின்போது, பூசாரி அந்த முடிச்சைப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“அதத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன் தங்கச்சி. இருந்திருப்பேனா, பொழுது சாஞ்சதும் ஓடியிருப்பேனா, தெரியல. தெரியாமலேயே கைய நீட்டிட்டேன். பூசாரி அண்ணனோட நல்ல மனச வச்சே அவர மடக்கிட்டேன். இப்ப அவரப் போட்டு ஏசுறாங்க.” பூசாரியிடமே போய்ப் பேசுங்களேன் என்றேன். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?” என்றார். இதை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் இருந்தவரை நான் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

டிக்கோயாவில் அடக்கத்துக்குக் கருப்பையா அண்ணன் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் குடையில்லாமல் நின்றார். அக்காவை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்துத்தான் அவர் அருகில் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

“மன்னிக்க என்னம்மா இருக்கு? அந்தம்மா நெசமாக் கேக்குறாங்களா, சும்மா மடக்கப் பாக்குறாங்களான்னு எனக்கும் சந்தேகந்தான். அதான் கட்டிப் பாப்போம்னு போனேன். கயித்தச் சுத்துறப்ப நாடி வெரல்ல பட்டுச்சு. அடிச்ச அடி இருக்கே! அவ்வளவு பயந்திருந்தாங்க. ஆனா கைய இழுக்கல. கட்டியிருந்தா நிச்சயமா லயத்துலயே இருந்திருப்பாங்கம்மா. அதனாலதான் நான் கட்டல.”

அக்கா கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இதுதான் பதில். அவர் போன பிறகு என் கைக்கு வந்திருக்கிறது. தன்னைப் பற்றிய சந்தேகத்தோடே அவர் போய்விட்டார். அவரைத் தெரிந்த நீங்களாவது சந்தேகப்படாதீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான். நாடி அப்படி அடித்தும், கடைசிவரை அவர் இழுத்துக்கொள்ளாத கை.