மெமரி ஸ்டிக்குக்கு வைத்த பொட்டு

தண்ணீர் கேன் வண்டி எங்கள் தெருவில் பின்னோக்கி வரும்போது நீளமாக ஒரு கூவல், சின்ன இடைவெளி, மறுபடியும் ஒரு கூவல். அதைக் கேட்டால் என் வலது கை தானாக உயர்கிறது. டார்ச் பிடித்த கை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தரப்பட்ட வேலை அவ்வளவுதான். அதையும் ஆடாமல் பிடிக்கத் தெரியவில்லை என்றாள் மகள்.

கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. அவள் கல்யாண ஆல்பங்களை வடிவமைக்கிறாள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்துக்குள் இருக்கும் ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வரும். யாரோ ஒரு பெண்ணின் மருதாணிக் கை, யாரோ ஓர் அப்பாவின் கலங்கிய கண், பந்தியில் இலை போடுகிறவரின் அவசரம், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அடுக்கித் தருவாள். வீட்டு வேலைக்கு நடுவே அவள் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட இடம் அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் முதுகு வேறு மாதிரி நிமிரும். ஆனால் இப்போது வருகிற படங்கள் பெரிது, எங்கள் இயந்திரமோ பழசு. ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அடுத்தடுத்து ஆல்பங்கள் தாமதமாயின. கையிலிருந்த ஆல்பமும் அந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் வராவிட்டால் தில்லைநகரில் வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் புலம்பியிருக்கிறாள். மகள் சனிக்கிழமை வந்து இறங்கியபோது பைக்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே மெமரி ஸ்டிக். முக்கால் சாண் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, அதில் கறுப்புச் சில்லுகள், அடி ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு கரை. இதைச் சொருகினால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்றாள். மறுநாள் காலை மூடியைக் கழற்ற வேண்டும், சொருக வேண்டும், மூட வேண்டும். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றாள்.

காலையில் பெட்டியிலிருந்து ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தவள் என் மனைவிதான். மகள் சொருகினாள். இரண்டு பக்கக் கொக்கிகளும் டிக்கென்று பிடித்தன. சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு இயந்திரத்துக்குள்ளிருந்து அந்தக் கூவல், நீளமாக ஒன்று, இடைவெளி, மறுபடி ஒன்று.

கழற்றிச் சொருகினாள். கூவல். பழைய ஸ்டிக்கையும் புதியதையும் இடம் மாற்றினாள். கூவல். பழையது மட்டும் போதும் என்று புதியதை எடுத்து வைத்தாள். நேற்றுவரை மெதுவாகவாவது ஓடியது, இப்போது அதுவும் இல்லை. உள்ளே இருந்த வட்டமான பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினாள். நான் டார்ச்சைப் பிடித்திருந்தேன். தெரிந்த கடைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். ஒவ்வொரு கூவலுக்கும் நிலைப்படியில் வந்து நின்றுவிட்டுப் போனாள். மகளுக்கு மத்தியானம் ரயில்.

கடைசியாக மகள் ரப்பர் கேட்டாள். பென்சில் அழிக்கிற ரப்பர். அந்தத் தங்கக் கரையில் அழுக்கு இருந்தால் தேய்த்தால் போகுமாம். பழைய பென்சில் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். புதிய ஸ்டிக்கைத்தான் முதலில் தேய்த்தாள். வெள்ளை ரப்பர் மஞ்சளானது. துகள்கள் லேசான சிவப்பில் உதிர்ந்தன. சூடான தூசி வாசனைக்கு நடுவில், மெல்ல, சந்தனம் மணத்தது.

மகள் ரப்பரை மோந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். நிலைப்படியில் அவள் அம்மா.

"அம்மா, இதுல என்ன வெச்ச?"

"புதுசா வந்த பொருள். ராத்திரி சாமிகிட்ட வெச்சு எடுத்தேன்."

"பொட்டு எங்க வெச்ச?"

"அந்தத் தங்கக் கரையிலதான். ஜரிகை மாதிரி இருந்துச்சு. கறுப்புல வெச்சா எடுப்பா இருக்காதுன்னு..." பிறகு குரல் இறங்கியது. "நீ சிரிப்பேன்னு காலையிலயே முந்தானையால துடைச்சுட்டேனேடி."

எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் படாமல் எதுவும் வேலையை ஆரம்பித்ததில்லை. மிக்ஸி, சைக்கிள், கேஸ் அடுப்பு, என் மூக்குக்கண்ணாடிக் கூடுகூட. இந்தக் கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே காய்ந்த பொட்டு ஒன்று இருந்தது. மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்போம். அவள் சிரிக்கவில்லை. இடம் மாற்றி இடம் மாற்றிச் சொருகியதில் இரண்டு பள்ளத்துக்குள்ளும் சந்தனத் தூளைத் தானே இறக்கிவிட்டதாக மட்டும் சொன்னாள். பழைய பல்துலக்கி கொண்டு வரச் சொன்னாள். பள்ளங்களைத் துலக்கினாள், ஊதினாள், இரண்டு ஸ்டிக்கையும் மறுபடி தேய்த்தாள். சுவிட்சைப் போட்டாள்.

கூவல்.

என் மனைவி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவள் பேசியது சரியாகக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் வந்த ஸ்டுடியோக்காரரின் பதில் கேட்டது. "பரவாயில்லக்கா. நான் பாத்துக்கறேன்."

அந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அப்படிச் சொன்னவர்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை. அவள் உள்ளே வந்து, தயிர் சாதத்தை டப்பாவில் அடைத்து, மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். ஏதாவது சொல்லலாம் என்று வாய் திறந்தேன். ஊறுகாய் வைத்தாயா என்று கேட்டேன்.

ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. நாங்கள் செருப்பு மாட்டும்போது இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய ஸ்டிக்கை மடியில் வைத்து, ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் விளக்குகிற அதே அழுத்தம். மகள் குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "போடி, நேரமாகுது" என்றாள் நிமிராமலே.

ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வந்தது. பையை மேலே வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள் மகள். அம்மா அழுவார்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் மனைவியின் அழுகை எப்போதும் ஏதாவது ஒரு வேலைக்குள்தான் இருந்திருக்கிறது. ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தாள்.

"இனிமே எது வாங்கினாலும் அம்மாவை அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைக்கச் சொல்லுங்கப்பா. வைக்காம மட்டும் இருந்துடப் போறாங்க. போயிட்டு வரேன்."