தரை தேய்க்கும் ஷாகுல்

கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கிறார் ஷாகுல். தேக்குப் பலகைகள் பாவிய கூடம். வெயில் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறதோ அங்கெல்லாம் மேடு. "ஆசாரி கண்ணாடிய வூட்ல வச்சுட்டு வந்து அட்ச்சிருக்காரு சார். ரெண்டு ஷேவிங் குடுத்தாத்தான் மாப்ள மூஞ்சி தெரியும்" என்கிறார். எந்த வீட்டுத் தரையும் அவருக்கு மாப்பிள்ளைதான்.

இரும்புலியூரில் மொசைக் தேய்த்துக்கொண்டிருந்தவர். அமெரிக்கா போன பிள்ளைகள் அப்பா அம்மா வீட்டுக்கும் மரத்தரை போடத் தொடங்கியபோது மரத்துக்கு மாறினார். மெஷினை ஓட்டுவதற்கு முன் மூக்கில் துண்டு கட்டுவார்; கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸில் முடிப்பார். பலகை இடுக்கை அடைக்கக் கடைச் சரக்கு வாங்கமாட்டார். அந்தத் தரையிலிருந்து எழுந்த தூளையே பசையில் குழைத்து அடைப்பார். "அத்தோட சதையதான் அதுக்கே வைக்கிறேன்." சாயங்காலம் புருவமெல்லாம் தூளாக வீடு திரும்பினால் மனைவி மெஹர் பானு வாசலிலேயே நிறுத்திவிடுவாள்: "மாப்ளைய வெளிய உதறிட்டு வாங்க."

இப்போது அந்த வாசலே போகப்போகிறது. வீட்டுக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவருக்கு விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். அடுத்த மாதம் மகள் ஃபஹீமாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை, பள்ளி தாம்பரத்தில். ஷாகுல் கேட்காத தெரு இல்லை. பெயரைச் சொன்னதும், பூட்டிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் திடீரென்று ஆள் முளைத்துவிடுகிறது. யாரோ தம்பி துபாயிலிருந்து திரும்புகிறான். யாரோ மருமகள் பிரசவத்துக்கு வருகிறாள். வாசல் கல்லில் பட்டங்களைப் பொறித்துவைத்திருக்கும் காலனி இது. "தரமாட்டேன்" என்று சொல்லும் துணிவு மட்டும் எந்தப் பட்டத்தோடும் வரவில்லை.

ஸ்ரீரங்கன் வீட்டு கேட்டிலும் 'மாடி வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. ஓய்வுபெற்ற அதிகாரி; ஷாகுல் தேய்க்கும் இந்த மரத்தரை, அமெரிக்காவிலிருக்கும் மகன் அனிருத்தின் ஆசை. வேலைக்கு வந்த அன்றே ஷாகுல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலில் வேலையைக் காட்டுவோம், பிறகு வாயைத் திறப்போம் என்று இருந்தார். வேலை பிடித்துப்போனவர்கள் ஆளை மறுக்கமாட்டார்கள் என்று நம்பினார், பாவம். பூஜை அறையையும் அவர்தான் தேய்த்தார். சாமி படங்களைக் கூடத்து மேஜைக்கு மாற்றிக் கொடுத்த ஸ்ரீரங்கனின் மனைவி அபிதகுஜாம்பாள், அவர் அங்கே மண்டியிட்டிருக்கையில் காபி கொண்டுவந்து வைத்தார்; கைவேலை சுத்தம் என்று கணவரிடம் சொன்னதும் ஷாகுல் காதில் விழுந்தது.

கடைசிப் பூச்சுக்கு முன் கேட்டுவிட்டார். ஸ்ரீரங்கன் யாருக்கு என்றார்.

"எங்களுக்குத்தான் சார். வூட்ல கறி ஆக்கமாட்டோம். பொண்ணுக்கு பரீச்ச முடியறவரைக்கும் இருந்தாக்கூட போதும்."

தலைக்கு மேல் ஒரு கூரைக்காக ஒரு மனிதன் தன் அடுப்பைக் காணிக்கையாக வைக்கிறான். எந்தச் சாமியும் கேட்டதில்லை இந்தக் காணிக்கையை.

ஸ்ரீரங்கனின் முகம் வாடியது, நிஜமாகவே வாடியது. "நான் இதெல்லாம் பார்க்கறவன் இல்ல ஷாகுல். முன்னாடியே சொல்லப்படாதா? நேத்துதான் ஒருத்தருக்கு முடிஞ்சுபோச்சு." அபிதகுஜாம்பாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"பரவால்ல சார்" என்று ஷாகுல் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.

கடைசிப் பூச்சைப் பூஜை அறையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வாசலில் முடிக்கவேண்டும். பூசிய இடத்தில் கால் வைக்கமுடியாது. பாதிக் கூடம் தாண்டியபோது வராந்தாவில் ஸ்ரீரங்கனின் செல்போன் அடித்தது.

"ஆமாமா, காலியாத்தான் இருக்கு. சனிக்கிழமை வந்து பாருங்கோ. சுத்த வெஜிடேரியன்தானே?"

பூச்சை நடுவில் நிறுத்தினால் தரையில் கோடு விழுந்துவிடும். ஷாகுல் நிறுத்தவில்லை. அதே நிதானத்தில் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, நிலைப்படியைத் தாண்டி, தான் கடைசியாக மண்டியிட்டிருந்த இடத்தையும் வெளியிலிருந்தே பூசி முடித்தார். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்ரீரங்கன், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். அனிருத்துக்கு போட்டோ அனுப்பவேண்டுமாம்.

மெஷினை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டில் பலகையின் ஒரு பக்கத்துக் கம்பி அவிழ்ந்து, 'மாடி வாடகைக்கு' கோணலாகச் சரிந்து கிடந்தது. ஷாகுல் மெஷினை நிறுத்தினார். பலகையைத் தூக்கிப் பிடித்து, கம்பியை இறுக்கி முறுக்கிக் கட்டினார். இரண்டடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.