தாராவி என்று எழுதினேன்

மும்பையில் எங்கள் தெருவில் வேலைக்கு மனுப் போடுகிற யாரும் விலாசத்தில் தாராவி என்று எழுதமாட்டார்கள். பக்கத்து ஏரியாவான சயான் என்பார்கள். துணிச்சல்காரர்கள் வசதிக்காரர்கள் இருக்கும் மாட்டுங்கா என்றே போட்டுவிடுவார்கள். நான்தான் திமிராக, பிறந்த இடத்தை எதற்கு மறைக்கணும் என்று, உள்ளதை எழுதினேன்.

கார்ட்டூன் வரைவதுதான் எனக்கு உயிர். அதற்கே படித்து, படங்களோடு ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவுக்குப் போனேன். லோக்கல் ட்ரெயின் வாசலில் காக்கா ஒன்று தொங்கிக்கொண்டு போகிற படத்தைப் பார்த்து மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தான். பயோடேட்டாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "தாராவியா? டைமுக்கு வருவியா? இங்கே கம்ப்யூட்டரெல்லாம் ரொம்ப விலை" என்றான் இந்தியில். படுபாவி, நான் என்னவோ அதைத் தூக்கிக்கொண்டு ஓட வந்த மாதிரி! வேலை தரவில்லை. வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் செம்பூரில் ஒரு வேலை அமைந்தது. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. நாள் முழுக்க பயோடேட்டா படிக்க வேண்டும், போன் பேச வேண்டும். பென்சிலுக்கு அங்கே வேலையே இல்லை. யோசித்துச் சொல்ல மூன்று நாள் கொடுத்தார்கள்.

"ஏட்டி, வந்த சீதேவிய காலால எத்தாத. படத்த ஞாயித்துக்கிழம வரஞ்சுக்கிடலாம்லா" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழம வரையதுக்கு நான் என்ன கோலமா போடுதேன்?" என்று கத்தினேன்.

மூன்றாம் நாள், வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சுவரில் அவர்கள் ஆள் அனுப்பும் கம்பெனிகளின் பட்டியல் தொங்கியது. அதில் அந்த ஸ்டுடியோ.

"நாளைக்கே சேருகிறேன்" என்றேன்.

சேர்ந்ததும் முதலாளியம்மாவிடம், "பயோடேட்டாவில் விலாசமும் போன் நம்பரும் இருந்தால் கம்பெனிக்காரர்கள் நம்மை விட்டுவிட்டு நேராகக் கூப்பிட்டுவிடுவார்கள் மேடம்" என்றேன். அவருக்கு நியாயமாகப் பட்டது. இரண்டையும் அழித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த ஸ்டுடியோ மேனேஜர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, என்னோடு படித்த எங்கள் தெருக்காரர்கள் நாலு பேரை அனுப்பினேன். நாலு பேரையும் எடுத்துக்கொண்டான். அவர்கள் வேலை பர்மனென்ட் ஆகும்வரை, எங்கிருந்து வந்தவர்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் அவனே போன் செய்தான். "பிரமாதமான ஆட்கள். இன்னும் ரெண்டு பேர் வேணும். எங்கேதான் பிடிக்கிறீங்க?"

"எங்க தெருவுலதான் சார். நாலு பேரும் தாராவி. டைமுக்கு வர்றாங்களா? கம்ப்யூட்டரெல்லாம் பத்திரமா இருக்கா?"

ஆகா, அந்த நிமிஷம் இனித்ததே! பிறகு மெதுவாகக் கேட்டான்: "நீ... அந்தக் காக்கா படம் வரைஞ்ச பொண்ணா? இப்பவும் வரையறியா?"

அவனைத் திட்ட ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோடுகூட இழுத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ரெண்டு பேர் கேட்டானே. மாலைக்குள் இரண்டு பயோடேட்டா அனுப்பினேன். ஒன்று என்னுடையது. அதில் மட்டும் விலாசத்தை அழிக்கவில்லை.