முதுகுப் பக்கம் தொங்கிய முந்தானை

மூன்று வருஷத்துக்கு முன்னால், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. புராடக்ட் டிசைன் என் படிப்பு. "சாமான் செய்யுறதுக்கெல்லாமா மேல்படிப்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று நோண்டுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் எனக்கு அந்தப் படிப்பு அல்வா சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

புராஜெக்டுக்கு நான் எடுத்தது பைக்கின் சாரி கார்டு. பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க இடது பக்கம் கம்பிக்கூண்டு மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான். எடை குறைவாக, கால் வைக்க வசதியாகப் புதிதாக ஒன்றைக் கணினியில் வரைந்து, பட்டறையில் கொடுத்துச் செய்தும் விட்டேன்.

ரிவ்யூவில் எங்கள் மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நீ ஒரு தடவையாவது சேலை கட்டிக்கிட்டு ஒருபக்கமா உட்கார்ந்து பார்த்தியா?" என்றார். வகுப்பே என் மீசையைப் பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த ரிவ்யூவில் தேறவில்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிட, நிஜமாகவே அது எப்படித்தான் இருக்கும் என்கிற அரிப்பு தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலங்காநல்லூரில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "மாப்ள, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றான். அவனுடைய அக்காவுக்கோ குஷி தாங்கவில்லை. என் டி-சர்ட் மேலேயே ஒரு பழைய நைலான் சேலையைக் கட்டி, தோளில் ஊக்கு குத்தி, முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகினார். "வண்டியில போகையில இதை எடுத்துறாத தம்பி, தெரியுதா?" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் அதை எடுத்துவிட்டதுதான். இருப்பதிலேயே மோசமான நிலைமையில் வைத்துத்தான் ஒரு பொருளைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். முந்தானையைப் பத்திரமாகச் செருகி வைத்துக்கொண்டால் அது என்ன சோதனை? அதிகமாகப் படித்தால் இப்படித்தான் புத்தி போகும்.

நான் செய்த சாரி கார்டை மாட்டியிருந்த என் பைக்கை நண்பன் ஓட்ட, நான் ஹெல்மெட்டுக்குள் மீசையை மறைத்துக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். வண்டி மதுரையைப் பார்த்துக் கிளம்பியது. அடேயப்பா! முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. வயலும் செங்கல் சூளையும் பக்கவாட்டில் ஓடுகின்றன. வேகத்தடை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இடுப்பைத் தூக்கிப் போடுகிறது. பிடிக்க ஒரு கைக்குத்தான் இடம், இன்னொரு கை கொசுவத்தை அமுக்கிக்கொள்ளவே சரியாக இருக்கிறது. ஆனால் கீழே குனிந்து பார்த்தால் என் சாரி கார்டு ஜம்மென்று வேலை செய்தது. கொசுவம் சக்கரத்தை அண்டவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் பின்னால் விடாமல் ஹாரன் கேட்டது. புர்கா போட்ட ஒரு அக்கா ஸ்கூட்டரில் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வந்தார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை.

"செத்தோம் மாப்ள, யாரோ தெரிஞ்சவங்க பார்த்துட்டாங்க. முறுக்குடா!" என்றேன். அவனும் முறுக்கினான். என்னைக் காப்பாற்ற வந்தவரிடமிருந்து நான் தப்பித்து ஓடினேன்!

அவர் விடவில்லை. சர்ரென்று முந்தி வந்து குறுக்கே நிறுத்தினார். நண்பன் பிரேக் அடித்த அதே நேரத்தில் என் தோளை ஏதோ பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தது. வண்டி நின்றபோது பாதி உடம்பு வலது பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தேன். முந்தானை பின்சக்கரத்தில் நன்றாகச் சுற்றியிருந்தது. வேகத்தில் இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் தலைகீழாக ரோட்டில் விழுந்திருப்பேன்.

"யா அல்லா! ஏம்மா, கத்துறது காதுல விழுகலையா?" என்று ஓடி வந்தவர், நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அப்படியே நின்றுவிட்டார். "தம்பியா?"

கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறவராம். வண்டியில் இருந்த பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சிக்கிய துணியை வெட்டி என்னை விடுவித்தார். "அக்கா என்னைக் கொல்லப் போறா" என்று நண்பன் முனகினான். நான் சாரி கார்டு, படிப்பு, சோதனை எல்லாவற்றையும் உளறினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கொசுவத்துக்குக் காவல் வச்சிருக்கீங்க, சரி. முந்தானை முதுகுப் பக்கம்ல தொங்கும்? அந்தப் பக்கம் சக்கரம் தெறந்து கெடக்கே தம்பி!"

இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முந்தானை வலது பக்கம் விழும். இவ்வளவு சின்ன விஷயம்! கணினியில் மாதக்கணக்காக நான் உட்கார வைத்த பொம்மைக்குச் சேலையே கிடையாது. அவர் மிச்ச முந்தானையைச் சுருட்டி என் கையில் திணித்து, "பார்த்துப் போங்கப்பா" என்று கிளம்பிப் போய்விட்டார். பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் அம்மாவைத் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும் முன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பி, அம்மா எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தேன். முந்தானை இடுப்பில், பை மடியில். ஒரு கை சீட்டுக்கு அடியில் எங்கேயோ போயிருந்தது.

"எதைம்மா பிடிச்சிருக்க?"

"கீழ ஒரு கம்பி இருக்குல்ல, அதை."

"அது கையை அறுக்குமே. என் தோளைப் பிடிச்சுக்க வேண்டியதுதானே?"

"நீ வண்டி ஓட்டப் பழகுன புதுசுல, தோள்ல கை வச்சா வண்டி ஆடுதுன்னு கத்துனேல்ல? அதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கையை எடுத்து என் தோளில் வைத்தேன். திருமங்கலம் வரைக்கும் வண்டி கொஞ்சம்கூட ஆடவில்லை. இப்போது பொருள்களை வடிவமைப்பதுதான் என் வேலை. ஆனால் வாய் திறந்து குறை சொல்லாமல் யாரோ எங்கேயோ ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும், எதை வரைய உட்கார்ந்தாலும் என்னை விடுவதே இல்லை.