விமானிக்கு அம்மாள் வருத்தம்

இராணுவம் ஒருவனைக் கூப்பிட்டால் அவன் திரும்பி வரமாட்டான் என்று எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினோம். வேலைக்கு வராத நாட்களுக்கு ஒரு கம்பனி சம்பளம் கொடுத்தால் அது சம்பளம் அல்ல, செத்தவீட்டுக்கு முன்கூட்டியே அனுப்புகிற காசு என்பது அப்பா தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட நம்பிக்கை. முதலாவதற்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில், ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணனை, ஐந்து நிமிடத்தில் விடுவதாகச் சொல்லிச் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள். பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

தம்பி ஏழு வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவன். இந்த நாட்டு ஆண்பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட இராணுவச் சேவையை, வடக்கில் ஒரு கல்லூரியில் படிப்பதாக வீட்டில் சொல்லி முடித்திருந்தான். அந்தப் பொய் வெளிப்பட்டபோது அவன் விமானப் பயிற்சியில், ஏச முடியாத தூரத்தில் இருந்தான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு விமானக் கம்பனி அவனைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஏதாவது பிசகினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தக் காலம் முடியுமுன், கோடையின் கடைசியில், சேவை முடித்தவர்களைக் கொண்ட உள்நாட்டுக் காவல் படையின் வருடாந்தப் பயிற்சிக்கு அவனை அழைத்தார்கள்.

"ஒரு கிழமைதான், ஏழு நாள்," என்றான் தம்பி, சாப்பாட்டு மேசையில். "ஒஸ்லோவுக்குத் தண்ணி வாற ஏரி ஒண்டு இருக்கெல்லோ, அதுக்குக் காவல்."

"ஆரிட்டையிருந்து?" என்றார் அப்பா.

"ஒருத்தரும் வரமாட்டினம் அப்பா."

"வராத ஆக்களைச் சுட என்னத்துக்குத் துவக்கு?"

தம்பி பொறுமையாக விளக்கினான். சேவைக்குப் போகிறவனுக்குக் கம்பனி விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும், அதற்காக வேலையால் நிறுத்த முடியாது, சட்டம் அப்படி. அரசாங்கம் ஒரு பங்கு தரும், மீதியைத் தொழிற்சங்க உடன்படிக்கைப்படி கம்பனி நிரப்பும்.

"அப்ப முழுச் சம்பளமோ?" அப்பாவின் சோறு பிசைந்த கை நின்றது. "நான் பஸ் கழுவுற இடத்தில காய்ச்சலெண்டு ஒரு நாள் நிண்டாலே மனேச்சர் முகத்தைத் தூக்குவான். நிக்கிறவனுக்கு முழுச் சம்பளமெண்டால், அவங்களுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கடா."

"எங்கடை பிரிவுக்குப் பொறுப்பு ஆர் தெரியுமே?" என்று பேச்சை மாற்றப் பார்த்தான் தம்பி. "எங்கடை பிளேனுக்குப் பெட்டி ஏத்திற பெடியன். அங்கை நான் அவனுக்குச் சல்யூட்."

அப்பா சிரிக்கவில்லை. அம்மா ஒன்றுமே கதைக்கவில்லை. நாங்கள் பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான்.

அண்ணன் போன அடுத்த மாதம் ஊரில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. அம்மா வாசலில் வேப்பிலை கட்டி, உள்ளே அம்மாள் வருத்தம் என்றார். கொப்பளிப்பான் என்கிற அந்த அம்மை நோய்க்குப் பயந்த சிப்பாய்கள் வாசற்படலையைத் தொடாமலே திரும்பினார்கள். அறைக்குள் ஒளித்திருந்த அப்பா தப்பினார். ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை இது மூடநம்பிக்கை அல்ல, ஒருமுறை சோதித்து வெற்றி கண்ட முறை.

தம்பி ஏரிக்கரைக் காட்டுக்குப் போன மறுநாள் காலை அம்மா ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவுக்கு ரயிலேறி, கறிவேப்பிலையோடு வேப்பிலையும் விற்கிற கடையில் ஒரு கட்டு வாங்கிவந்து, நகரின் ஓரத்துக் குரோருட்டில் எங்கள் மூன்றாம் மாடிக் கதவில் கட்டினார். அடுத்ததாக, படையின் இலக்கம் தெரியாததால், குளிர்சாதனப் பெட்டியில் தம்பியே ஒட்டிவைத்திருந்த, சுகவீனம் அறிவிக்கும் கம்பனி இலக்கத்துக்கு அழைத்தார். அம்மா பாலர் பாடசாலை ஒன்றின் சமையலறையில் வேலை செய்தவர். கொப்பளிப்பானுக்கு நோர்வேஜிய மொழியில் என்ன பெயர் என்பது அங்கே எவருக்கும் முதல் கிழமையிலேயே பாடமாகிவிடும்.

அன்று பின்னேரம் நூலக வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்தது. கம்பனியின் தலைமை விமானி பேசினார்.

"நீங்கள் அக்காவா? உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருப்பார் என்று நினைக்கிறேன். காட்டில் இருக்கிறார்."

"கொப்பளிப்பானோடு காட்டிலா?"

வேப்பிலை கட்டிய கதவை நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கோபப்படாமல் நிலைமையைச் சொன்னார். தம்பியோடு கடைசியாகப் பறந்த கப்டனுக்குச் சிறுவயதில் அந்த நோய் வந்ததில்லை. அவரைப் பறப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கர்ப்பிணியான ஒரு விமானப் பணிப்பெண் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார். ஒரே ஆள் ஒரே நாளில் நாட்டையும் காத்துப் படுக்கையிலும் கிடக்க முடியாது என்று சம்பளப் பகுதியின் கணினி இரண்டு விடுமுறையையும் மறுத்துவிட்டது. "அவர் சோதனைக் காலத்தில் இருப்பவர்," என்றார் கடைசியில். "சுகவீனம் என்று சொன்னது பொய்யென்றால் அவரை நாங்கள் வைத்திருக்க முடியாது."

கம்பனி படைக்கும் அறிவித்திருந்தது. பெட்டி ஏற்றுகிற தளபதி தம்பியைத் தனிக் கூடாரத்தில் வைத்து, துடுப்பின் நுனியில் சாப்பாடு நீட்டியிருக்கிறார். மருத்துவ உதவியாளர் வந்து பார்த்தபோது தம்பியின் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். நுளம்புக்கடிதான், ஏரிக்கரைக் கொசுக்களின் வேலை; ஆனால் அவர் அபாயம் எடுக்க விரும்பவில்லை. அடுத்த நாள் முகமூடி போட்ட ஒரு சிப்பாய் இராணுவ வண்டியில் அவனை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு ஓடாத குறையாகப் போனான்.

"பாத்தியே ராசா," என்றார் அம்மா, கண் நிறைந்து. "விட்டிட்டாங்கள்."

"ஓம் அம்மா, ஆமி விட்டிட்டுது," என்றான் தம்பி. "இனிக் கம்பனியும் விட்டிடும்."

தன் வாழ்நாளில் அவன் விரும்பிக் கேட்டது அந்த ஒரு வேலைதான். அது அம்மாவுக்கும் தெரியும். ஆகவே தலைமை விமானி அழைத்த அன்று, விளக்கம் சொல்லக் கம்பனி அலுவலகத்துக்குத் தாமும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். காஞ்சிபுரச் சேலைக்கு மேல் பனிக்கால மேலங்கியும் அணிந்து, எங்களுக்கு முன்னால் நடந்தார். பாலர் பாடசாலையில் பழகிய மொழியென்பதால், அவர் எந்த நோர்வேஜியரோடும் மூன்று வயதுப் பிள்ளையோடு கதைப்பதுபோலத்தான் கதைப்பார்.

"இப்ப நீ வடிவாய் இரு," என்றார் தலைமை விமானியிடம். "நல்ல பிள்ளையாய்க் கேள்."

அந்த நரைத்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவனை ஆமி மறித்தது. ஐந்து நிமிடம் என்றார்கள். நான் வழி பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். இன்னும் அவன் வரவில்லை. இவனுக்கு ஒரு கிழமை என்கிறீர்கள்."

தம்பி தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமை விமானி, தாமும் விமானப் படையிலிருந்து வந்தவர் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சுகவீனம் அறிவித்தது ஊழியர் அல்ல, ஆகவே அது அறிவித்தலே அல்ல என்றார். சேவை விடுமுறையும் சம்பளமும் அப்படியே இருக்கும், தம்பி நாளைக்கே படைக்குத் திரும்பவேண்டும். பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். அப்போது என்ன நோய்?"

அம்மா அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "இன்னும் யோசிக்கவில்லை," என்றார்.

தலைமை விமானி மேசையில் கையை ஊன்றிச் சிரித்தார். தம்பியின் வேலை தப்பியது என்று எனக்கு அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தம்பி ஒரு கிழமை ஏரியைக் காக்கப் போனான். ஒவ்வொரு முறையும் நுளம்புக்கடியோடு திரும்பினான். ஏழாம் நாள் மாலை வரை அம்மா அடுப்பில் எதையும் சரியாகச் சமைத்ததில்லை. பின்னர் கம்பனி அவனைக் கப்டனாக்கி, வடக்கே, கோடையில் சூரியன் மறையாத ஓர் ஊரிலுள்ள தளத்துக்கு மாற்றியது. அங்கேயே மணமுடித்து வீடும் வாங்கினான். இராணுவம் அவனை ஒவ்வொரு தடவையும் திருப்பித் தந்தது. வைத்துக்கொண்டது விமானக் கம்பனிதான்.

அப்பா காலமாகிவிட்டார். குரோருட் வீட்டில் இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம்.