அக்கா போடாத கையெழுத்து

எங்கள் அக்காவுக்குப் பொறாமை வந்தால் உடனே எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவாள். கரும்பலகையைத் துடைப்பாள், மேசையைத் துடைப்பாள், துடைத்த மேசையையே மறுபடியும் துடைப்பாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறோம். போதாததற்கு, அவள் பாடம் எடுக்கும் இடத்தில் பதிவேடு எழுதுகிறவளும் நான்தான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் கோள் இருக்கும், பொய் இருக்காது.

அந்த இடம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. இரண்டு அறைகள், நடுவில் பலகைத் தடுப்பு. முதல் அறையில் எழுத்தே தெரியாத பெரியவர்களுக்கு அக்கா எழுத்துச் சொல்லித் தருவாள். வாசிக்க வந்துவிட்டால் இரண்டாம் அறைக்குப் போய்க் கடிதம், விண்ணப்பம், கணக்கு எல்லாம் கற்கலாம். பரீட்சை கிடையாது, வைத்தால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். திருப்தி என்றால் அக்கா மாற்றல் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். ஆக, எல்லாமே டீச்சரின் ஒரு வார்த்தையில் நிற்கிற விஷயம்.

அக்கா கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் மேலே போனால் என் நாக்கு அழுகிவிடும். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு இங்கே வந்தவள், முதல் வாரமே ஒரு லாரி டிரைவரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டாள். ஐம்பது வயது மனிதர், மறு பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அக்கா சிவப்பு மையைத் தொட்டதில்லை. ஒருவர் தப்பை இன்னொருவர் காதில் விழும்படி சொன்னதுமில்லை.

போன வருஷம் இரண்டாம் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். சிரிப்பு வாத்தியார் என்று எல்லோரும் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சிரிப்பது கம்மி, அவர் வகுப்புதான் ஓயாமல் சிரிக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பினால் இந்தப் பக்கம் அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவளிடம் ஒன்றரை வருஷம் படித்துவிட்டுப் போனவர்கள் ஒரே மாதத்தில் படிக்கட்டில் நின்று 'சார் சொன்னாரு, சார் சொன்னாரு' என்பார்கள். நாற்று நட்டவள் ஒருத்தி, அறுப்புக்கு வந்தவன் ஒருத்தன் என்று வீட்டில் வந்து பொருமுவாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

முதல் அறையில் அக்காவின் செல்லம் ஒரு சலவையம்மா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவர், நாற்பத்தாறு வயது. அங்கே துணி ஸ்டோருக்குப் பொறுப்பாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, இரண்டாம் அறையில் ஒரு வருஷம் படித்தால் அது அவருக்குத்தான் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியவருக்கு நாற்காலி போட்ட வேலை. இரண்டாம் அறையில் ஆட்களைச் சேர்ப்பது வருஷத்துக்கு ஒரு முறைதான். அந்த வருஷம் அது ஒரு திங்கட்கிழமை. அதை விட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

முந்தைய புதன்கிழமை அவர் பிளீச்சிங் டிரம்மில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் கொண்டு வந்தார். வாசிப்பதற்கு முன்னால், வாய் சும்மா இராமல், "அந்த சார் ரூம்ல நல்லா சிரிக்கிறாங்க டீச்சர். எப்படா போவோம்னு இருக்கு" என்றார். அக்கா துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

சலவையம்மா முழுத் தாளையும் வாசித்தார். இரண்டே இடத்தில் தடுக்கினார், இரண்டையும் தானே திருத்திக்கொண்டார். நான் பேனாவின் மூடியைக் கழற்றிச் சீட்டின் மேல் தயாராக வைத்தேன்.

"இன்னும் பத்தலம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள் அக்கா.

ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிங்க டீச்சர் என்று தாளை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே, பதிவேட்டில் 'போதாது' என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது கேட்டே விட்டேன். அடிப்படை கெட்டியாக வேண்டும், அவசரப்பட்டு அனுப்பினால் அந்த அம்மாதான் கஷ்டப்படுவார் என்று அக்கா சட்டம் பேசினாள். உங்களுக்கு வயிற்றெரிச்சல், அதற்கு அந்த அம்மாவின் பிழைப்பா கிடைத்தது என்றேன். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை சலவையம்மா வந்தார், புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. அத்தனைக்கும் அட்டை போட்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு டீச்சர், உனக்கெல்லாம் மண்டையில ஏறாதுன்னு. நீங்கதான் பாவம், ஒன்றரை வருஷம் என்னோட மல்லுக்கட்டினீங்க."

அக்கா எழுந்து நின்றாள். கை துணியைத் தேடவில்லை.

"நீங்க நல்லாத்தாம்மா வாசிச்சீங்க. நான்தான் பொய் சொன்னேன். உங்கள அந்த ரூமுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. பொறாமை."

சலவையம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுது டீச்சர், விடுங்க" என்று ஆறுதல் சொன்னார். அக்கா அங்கேயே கையெழுத்துப் போட்டு நீட்டிய சீட்டை அவர் வாங்கவில்லை. இரக்கப்பட்டுக் கொடுக்கிற சீட்டோடு அங்கே போய் உட்கார்ந்தால் நாலு பேர் முன்னால் மானம் போகும் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

அக்கா சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு தடுப்பைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் அறைக்குப் போனாள். இத்தனை மாதத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அன்றுதான். எதையும் பூசி மெழுகாமல் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னது பலகை வழியாக எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் சிரிப்பே இல்லை. யாரிடம் சொல்ல நாக்குக் கூசுமோ அவரிடமே போய்ச் சொன்னாள், அதை நான் மறக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலை அக்கா, வாத்தியார், நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போனோம். ஆவியும் சத்தமுமாக இருந்தது. வாத்தியார் சுவரில் இருந்த ஒரு அறிவிப்பைக் காட்டி வாசிக்கச் சொன்னார். சலவையம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் குரல் நிமிர்ந்தது.

"திங்கக்கிழமை வந்துடுங்கம்மா" என்றார் வாத்தியார்.

அவ்வளவுதான். சலவையம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. நிஜமாவா சார் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவிடமிருந்து சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் வாத்தியாரிடம்தான்: எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன நோட்டு வாங்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அவர் ஒரு வார்த்தை சொன்னாரு, உடனே நம்பிட்டாங்க. நான் தலையால தண்ணி குடிச்சும் நம்பல, பாத்தியா?" என்றாள். இன்னமும் பொறாமை. எனக்குச் சுர்ரென்று வந்தது.

"உங்களையும்தான் நம்பினாங்க அக்கா. புதன்கிழமை."

எங்கள் நிறுத்தம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.