வளையல் வேனில் எரிந்த சின்ன பல்பு

எங்களுக்கு வீடு என்றால் வேன்தான். நைனா, அதாவது என் அப்பா, ஏலத்தில் எடுத்த பழைய வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் படுக்கப் பலகை, எதிர்ப்பக்கம் வளையல் பெட்டிகள், கதவோரம் ஸ்டவ்வுக்கு ஒரு தகரப் பெட்டி என்று அவரே அடித்து வைத்திருந்தார். திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே இருப்போம். நான் மூணாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து, ஊர்ப் பலகைகளைப் பார்த்துத்தான். வளர்ந்ததும் லைசென்ஸ் எடுத்து நானும் வண்டி ஓட்டினேன்.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகை முடிந்து திருத்தணியில் கடையைப் பிரிக்கும்போது நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். அழுவதற்குக்கூட எனக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. வேனுக்கு வெளியே ஊர், உள்ளே அம்மா.

எங்கள் வழக்கத்தில், செத்தவர் படுத்த இடத்தில் வருஷம் திரும்பும்வரை விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அவர் படுத்த இடம் அந்தப் பலகைதான். ஆனால் வளையலெல்லாம் வைக்கோலில் பொதிந்து கிடக்கிறது, பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அங்கே அகல் ஏற்றினால் வண்டியே எரிந்துவிடும். அதனால் அம்மா பலகைக்கு மேலே இருந்த சின்ன பல்பைப் போட்டுவிட்டாள். காரியம் முடியும்வரை வண்டி நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரத்தில் அந்த பல்பு மங்கிக்கொண்டே வந்து அணைந்துவிட்டது. அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

காரியத்துக்கு அரக்கோணத்திலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, சாவியைத் திருகிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அக்கா, வண்டியும் அவரோடயே போயிடுச்சி. எங்கூட வந்துடு. இவன தறியில சேத்துடறேன். பழைய வண்டிய இரும்புக்கு எடுக்கறவன் ஒருத்தன் கீறான், கூட்டியாறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அக்கா ஒரு கூரைக்குக் கீழே படுக்க வேண்டும் என்று நினைத்தார். நான், "வண்டி ஓடினா?" என்று கேட்டேன்.

"ஓடினா உன் இஷ்டம். ஒரு தபா இல்ல, தெனமும் ஓடணும்."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்ஷாப் வைத்திருந்த மெக்கானிக் பாயைக் கூட்டி வந்தேன். பேட்டரி முனைகளில் உப்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவினார். பேட்டரியை எடுத்துப் போய் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொண்டு வந்து மாட்டினார். முதல் திருகலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. பேட்டரியை மாட்டியபோதே பின்னால் பல்பும் எரிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அப்பொழுதே கிளம்பியிருக்கலாம். அம்மா விடவில்லை. "அஷ்டமி, நவமி போவட்டும். மொத மொத அவரு இல்லாம எடுக்கிறோம்."

தசமியன்று காலையில் மாமா இரும்புக்காரரோடு வந்து நின்றார். பள்ளிப்பட்டுத் திருவிழாவுக்குப் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. சாவியைத் திருகினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரும்புக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பின் கதவைத் தட்டிப் பார்த்தார், பூசணிக்காயைத் தட்டுவதுபோல.

"தள்ளினா ஓடும் மாமா."

"இன்னிக்கி நாங்க கீறோம், தள்ளுவோம். நாளிக்கி நட்ட நடு ரோட்ல யாரு தள்ளுவா, உங்கம்மாவா?"

மறுபடியும் பாயிடம் ஓடினேன். அவர் வந்து எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். பிறகு பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, முனையில் லேசாகத் தொட்டுக் காட்டினார். சின்னதாக ஒரு பொறி.

"எல்லாம் ஆப்ல கீதுன்ற. அப்ப இந்தப் பொறி எங்கேந்து தம்பி வருது? உள்ள யாரோ குந்திகினு சாப்புட்டுகினு கீறாங்க."

பின் கதவைத் திறந்து திரையை விலக்கினார். பகல் வெளிச்சத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதை சுவிட்சாக நினைக்கவே இல்லை. விளக்காகத்தான் நினைத்திருந்தேன்.

"இத அணைக்கணும்மா."

"அணைக்கறதுன்னு சொல்லாதீங்க பாய். அது அவருக்கு வெச்சது."

பாய் கையை எடுத்துக்கொண்டார். யாருக்காக என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வண்டி ஓடினா டைனமோ கரண்ட்டு குடுக்கும், எவ்ளோ நேரம் வேணா எரியலாம். நின்னுகினு கீற வண்டியில எரிஞ்சா, அதுவும் போவும், வண்டியும் போவும்மா," என்றார்.

மாமா வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பலகையில் உட்கார்ந்து பல்பைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நைனா போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"அவரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு தெரியுமாடா? தெண்டமா லைட்ட எரிக்கிறியே, பேட்டரிக்கு உங்கப்பனா சார்ஜு போடுவான்னு என்ன ஒரு புடி புடிச்சிருப்பாரு."

எட்டி அவளே சுவிட்சைத் தட்டினாள். பாய் மறுபடி ஒயரைத் தொட்டுப் பார்த்தார். பொறி வரவில்லை.

"ஆங். இதான் வியாதி. வேற ஒண்ணியும் இல்ல."

மலையடிவாரச் சரிவில் வண்டியைத் தள்ளினார்கள். பாய் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவில் இரும்புக்காரர். "வாங்க வந்தவனையே தள்ள வெச்சிட்டீங்களே," என்று அவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். வண்டி உதறிக்கொண்டு இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் மாமா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவதும், பிறகு ஒரு கையைத் தூக்கிப் போ என்று ஆட்டுவதும் தெரிந்தது.

கே.ஜி.கண்டிகை தாண்டியதும் பேட்டரி மீட்டரில் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்து நின்றது.

"இப்ப போடலாமாடா?" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"போடும்மா."

முள் கொஞ்சம் அசைந்து, அதே பக்கமே நின்றது. தோளுக்குப் பின்னால் வெளிச்சம் விழுந்தது. வேகம் கூடக்கூட அது பளிச்சென்று எரிந்தது.

இன்னும் வருஷம் திரும்பவில்லை. வண்டி தினமும் ஓடுகிறது. சாயங்காலம் நிறுத்தியதும் அம்மாவே சுவிட்சைத் தட்டிவிட்டுக் கேட்பாள், "இன்னிக்கி சார்ஜு ஏறியிருக்குமாடா?"

"ஏறியிருக்கும்மா," என்பேன். காலையில் சாவியைத் திருகும்போது அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள்.